குளமும் மின்னஞ்சலும்

வன்னிப் பெருநிலத்துக் கமக்காரர் ஒருவரிடம் சென்று, “இந்தக் குளம் எவ்வளவு பெரியது?” என்று வினவினால், அவர் ஒரே சொல்லில் விடை கூறமாட்டார். கட்டு நிரம்பினால் எத்தனை அடி தண்ணீர் நிற்கும் என்பார்; துருசைத் திறந்தால் எத்தனை ஏக்கர் வயலுக்குப் பாயும் என்பார்; மாரி கடுத்துப் பெய்தால் வான் எவ்வளவு பாயும் என்பதையும் சேர்த்தே சொல்வார். தேக்கும் அளவு, வழங்கும் அளவு, வெள்ளத்தைத் தாங்கும் அளவு என்னும் மூன்றும் சேர்ந்ததே அவருக்குக் குளத்தின் அளவு. இம்மூன்றில் ஒன்றை மறந்து கட்டிய குளம் ஒரு மாரிக்கேனும் நிற்காது என்பதை அவருடைய பாட்டனாரே அறிந்திருந்தார்.

இந்தப் பேச்சிலே ஆராயப்படுவது பல்கலைக்கழகம் ஒன்றின் மின்னஞ்சற் சேவையகம். ஆயிரக்கணக்கான மாணவரும் ஆசிரியரும் அலுவலரும் நாள்தோறும் அனுப்பிப் பெறும் மடல்களைத் தாங்குவதற்கு எத்துணைப் பெரிய இயந்திரம் வேண்டும், அதனை எவ்வாறு கணக்கிடுவது என்பதே கேள்வி. கேட்பதற்கு இது நிபுணர்களின் பொருள் போலத் தோன்றும். ஆயினும், குளத்தை அறிந்தவர்களுக்கு இக்கணக்கில் விளங்காதது ஒன்றுமில்லை.

கடிதம் ஒன்று வந்து சேருமா என்னும் ஏக்கம் வன்னி மக்களுக்குப் புதியதன்று. 1990ஆம் ஆண்டிலே வடக்கு நோக்கிச் சென்ற புகையிரதம் நின்றது. அது மீண்டும் கிளிநொச்சிக்கு வந்தது 2013ஆம் ஆண்டிலே. ஏ-9 வீதி 2002இல் திறந்து, 2006இல் மறுபடி மூடுண்டு, போர் முடிந்த 2009ஆம் ஆண்டின் பின்னரே நிலையாகத் திறந்தது. அந்த ஆண்டுகளில் ஒரு கடிதம் கைக்கு எட்டுவதற்குள் நேர்முகத் தேர்வின் நாள் கடந்துவிடுவதும் உண்டு. அந்த நிலத்திலே பிறந்த பிள்ளைகள் இன்று பல்கலைக்கழகத்திற்குப் போகின்றனர். அவர்களுக்கு வரும் அழைப்பு, பரீட்சை அறிவித்தல், புலமைப்பரிசிற் செய்தி ஆகியவற்றுட் பெரும்பாலானவை தபாற்காரரின் துவிச்சக்கர வண்டியில் வருவதில்லை, மின்னஞ்சலாக வருகின்றன. ஆதலால், சேவையகத்தின் கொள்ளளவு என்பது ஒரு பிள்ளையின் எதிர்காலத்தைத் தொடும் விடயமாகும்.

வன்னியில் உயர்கல்வி வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்குதல் தகும். 1991ஆம் ஆண்டிலே வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரில் ஒரு நிறுவனம் தோன்றியது. 1997ஆம் ஆண்டிலே அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாயிற்று. 2021ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 1ஆம் நாள் அது வவுனியாப் பல்கலைக்கழகம் எனத் தனித்து நின்றது. மன்னார் வீதியிலுள்ள பம்பைமடுவிலே அதன் வளாகம் அமைந்துள்ளது. பிரயோக விஞ்ஞானம், வியாபாரக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் எனப் பீடங்கள் மூன்று. வடக்கே கிளிநொச்சி அறிவியல் நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இயங்குகின்றன.

ஒரு வளாகம் பல்கலைக்கழகமாகும்போது பெயர்ப் பலகை மட்டும் மாறுவதில்லை. முன்னர் வவுனியா வளாகத்தின் இணைய முகவரி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முகவரிக்குள் ஒரு கிளையாக இருந்தது. இன்று தனிப் பெயர் கொண்டு நிற்கின்றது. குடும்பத்திலிருந்து பிரிந்து தனிக்குடித்தனம் போகிறவர் தமக்கென்று ஒரு கிணறு வெட்டிக்கொள்ள வேண்டியிருப்பது போல, தனிப் பல்கலைக்கழகமும் தன் மடல்களுக்குத் தானே பொறுப்பாளியாகின்றது. பொறுப்பு வந்த இடத்திலே கணக்கும் வருகின்றது.

மின்னஞ்சற் சேவையகம் என்பது யாது? அதனை ஓர் அஞ்சலகம் எனக் கொள்வதில் தவறில்லை. வெளியூர்ப் பைகள் வந்திறங்கும் வாசல் ஒன்று, மடல்களைத் தரம் பிரிக்கும் மேசை ஒன்று, ஒவ்வொருவர் பெயருக்கும் ஒரு பெட்டி, வெளியே போக வேண்டியவற்றை அடுக்கி வைக்கும் தட்டு ஒன்று ஆகிய யாவும் அதில் உண்டு. 1971ஆம் ஆண்டிலே அமெரிக்காவில் ரே தொம்லின்சன் என்னும் பொறியியலாளர், ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினியிலுள்ளவருக்கு முதன்முதலாக மடல் அனுப்பினார். பெறுநரின் பெயரையும் அவருடைய கணினியின் பெயரையும் பிரித்துக் காட்டுவதற்கு இன்று உலகெங்கும் வழங்கும் சுழிக் குறியைத் தேர்ந்தவரும் அவரே. 1982ஆம் ஆண்டிலே ஜோன் பொஸ்ரெல் என்பவர் மடல் பரிமாற்றத்திற்குரிய விதிகளைத் தொகுத்து வெளியிட்டார். அவ்விதிகள் திருத்தம் பெற்று இன்றும் வழங்கி வருகின்றன.

இலங்கையிலே இத்துறைக்கு வித்திட்டது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். பேராசிரியர் அபய இந்துருவ முன்னின்று உழைத்த லேர்ன் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையமைப்பு, 1990ஆம் ஆண்டளவில் மின்னஞ்சற் சேவையைத் தொடங்கியது. அக்காலத்தில் தொலைபேசி வழியே குறித்த வேளைகளில் மட்டும் வெளிநாட்டுடன் தொடர்பு கொண்டு, சேர்ந்திருந்த மடல்களை ஒருசேரக் கொடுத்து வாங்கினர். மாட்டுவண்டியில் வாரச் சந்தைக்குப் போய் வருவதைப் போன்ற ஏற்பாடு அது. அன்று அதுவே போதுமாயிருந்தது. இன்று ஒரு மாணவி கைப்பேசியில் விரலை வைத்த நொடியிலே மடல் வந்து நிற்க வேண்டும் என எதிர்பார்க்கின்றாள். எதிர்பார்ப்பு மாறும்போது கொள்ளளவும் மாறுதல் இயல்பே.

இனிக் கணக்கிற்கு வரலாம். மாணவரும் ஆசிரியரும் அலுவலருமாக ஐயாயிரம் பேர் உள்ள பல்கலைக்கழகம் ஒன்றை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்ளலாம். ஒருவருக்கு நாளொன்றுக்கு 40 மடல்கள் என்றால், மொத்தம் 2 இலட்சம் மடல்கள். ஒரு மடலின் சராசரி நிறை 75 கிலோபைற்று என்றால், நாளொன்றுக்கு 15 கிகாபைற்று. ஆண்டிற்கு 200 வேலை நாட்கள் என்றால் 3,000 கிகாபைற்று, அதாவது 3 டெராபைற்று. இவற்றிற் பாதியை மக்கள் அழித்துவிடுவர் என்று கொண்டாலும், ஆண்டிற்கு ஒன்றரை டெராபைற்று எஞ்சும். நான்காண்டுப் படிப்பு முடிவதற்குள் 6 டெராபைற்றுச் சேரும். குளத்தை விளிம்பு வரை நிரப்புவது அறிவுடைமையன்று. மூன்றில் ஒரு பங்கு வெறுமையாக நிற்க வேண்டுமாயின் 9 டெராபைற்று வேண்டும். ஒரு பிரதி பழுதானால் உடனே கைகொடுக்க இரண்டாம் பிரதி, இரண்டும் அழிந்தால் மீட்டெடுக்க வேறோரிடத்தில் மூன்றாம் பிரதி எனக் கணக்கிட்டால் 27 டெராபைற்று வரும். மூன்றில் தொடங்கிய எண் இருபத்தேழில் வந்து நின்றதை நேயர்கள் கவனித்திருப்பர். திட்டமிடுகிறவர் முதற் கணக்கோடு நின்றுவிட்டால், இரண்டாண்டு முடிவிலேயே குளம் நிரம்பிவிடும்.

இங்கே ஒரு சிறு செய்தியைக் குறிப்பிடுதல் வேண்டும். ஆங்கிலத்தில் ஓர் எழுத்திற்கு ஒரு பைற்றுப் போதும். இன்று உலகில் வழங்கும் ஒருங்குறி முறையிலே தமிழின் ‘க’ என்னும் எழுத்திற்கு 3 பைற்று வேண்டும். விசிறி சேர்ந்து ‘கி’ ஆனால் 6 பைற்று ஆகும். இதைக் கேட்டுத் தமிழில் மடல் எழுதினால் சேவையகம் நிரம்பிவிடும் என்று அஞ்ச வேண்டா. ஒரு பக்கத் தமிழ்க் கடிதம் சில கிலோபைற்றுக்குள் அடங்கிவிடும். இடத்தை விழுங்குவது வேறொன்று. அலுவலகங்களில் ஒரு கடிதத்தைத் தட்டெழுதி, அச்சிட்டு, ஒப்பமிட்டு, முத்திரை குத்தி, பின்னர் அதனைப் படமாக வருடி மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பும் வழக்கம் உண்டு. சில கிலோபைற்றில் அடங்கியிருக்க வேண்டிய செய்தி அதனாலே ஒரு மெகாபைற்று, இரண்டு மெகாபைற்று எனப் பருக்கின்றது. அன்றியும், மின்னஞ்சல் ஆதியில் எழுத்துகளை மட்டும் சுமக்கவே பிறந்தது. ஆகையால், படத்தையும் எழுத்துருவாக மாற்றியே அது சுமக்கின்றது. அம்மாற்றத்தில் மூன்று மெகாபைற்று நான்கு மெகாபைற்று ஆகின்றது. கொள்ளளவைக் கூட்டுவதற்கு முன் இத்தகைய வழக்கங்களைக் குறைப்பது, வாய்க்காலின் ஓட்டைகளை அடைத்த பின் குளத்தை உயர்த்துவதற்கு ஒப்பாகும்.

இதுவரை பார்த்தது தேக்கும் அளவு. அடுத்தது வழங்கும் அளவு. நாளொன்றுக்கு 2 இலட்சம் மடல்களை 86,400 நொடிகளால் வகுத்தால், நொடிக்கு இரண்டு மடலுக்குச் சற்று மேல் வரும். இது மிக எளிய வேலை எனத் தோன்றும். ஆனால், மனிதர் இருபத்துநான்கு மணி நேரமும் ஒரே சீராகக் கடிதம் எழுதுவதில்லை. காலை ஒன்பது மணி தொடக்கம் பத்து மணிக்குள் அன்றைய மடல்களில் ஐந்தில் ஒரு பங்கு வந்துவிட்டால், நொடிக்குப் பதினொரு மடல் ஆகின்றது. சராசரியை நம்பிக் கட்டியவருடைய இயந்திரம் அந்த ஒரு மணி நேரத்தில் திணறும்.

ஒரு மடலைப் பெட்டியிற் சேர்ப்பதற்குச் சேவையகம் ஒரு தடவை மட்டும் எழுதுவதில்லை. முதலில் வரிசையிற் பதிய வேண்டும். பெட்டியில் எழுத வேண்டும். அட்டவணையைத் திருத்த வேண்டும். வரிசையிலிருந்து நீக்க வேண்டும். இவ்வாறு ஒரு மடலுக்குப் பத்துத் தடவை வன்தட்டைத் தொட நேர்ந்தால், நொடிக்கு நூற்றுப்பத்துத் தடவை ஆகும். சுழலும் வன்தட்டு ஒன்று அங்குமிங்கும் தாவிப் படிக்கவும் எழுதவும் வல்லது நொடிக்கு ஏறத்தாழ 80 முதல் 100 தடவை வரையே. எத்தனை டெராபைற்றுக் கொள்ளும் தட்டாயினும் இந்த வேகம் பெரிதாகக் கூடுவதில்லை. பெரிய குளத்திற்குச் சிறிய துருசு வைத்த கதை இதுவே: தண்ணீர் நிறைய நிற்கும், வயல் காய்ந்துபோகும். ஆதலினாலேயே பல தட்டுகளைச் சேர்த்துப் பணியைப் பங்கிட்டனர். இக்காலத்தில், சுழலாத திண்ம நினைவகத் தட்டுகளைக் கையாளுகின்றனர். அவை நொடிக்குப் பல்லாயிரம் தடவை படிக்கவும் எழுதவும் வல்லன.

நெரிசல் எப்படிப் பிறக்கின்றது என்பதை ஆராய்ந்த பெரியார் டென்மார்க்கு நாட்டின் ஆக்னர் எர்லாங். கோபன்ஹேகன் தொலைபேசிக் கம்பனியிற் பணியாற்றிய அவர், 1909ஆம் ஆண்டிலே தொலைபேசி அழைப்புகளின் வருகையைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் தொடங்கி வைத்த வரிசைக் கணிதம் ஒரு வியத்தகு உண்மையைக் கூறுகின்றது. சங்கக் கடையிலே பொருள் நிறுத்துக் கொடுப்பவர் ஒருவரே இருக்கிறார். வருவோர் ஒழுங்கின்றி வருகின்றனர். ஒருவருக்குப் பிடிக்கும் நேரமும் ஒழுங்கற்றது. கடைக்காரர் தம் நேரத்திற் பாதி மட்டுமே வேலை செய்யும் நாளில், வருகிறவர் சராசரியாக ஒருவருடைய முறை அளவே காத்திருப்பார். நூற்றுக்கு எண்பது பங்கு வேலை செய்யும் நாளில் நான்கு முறை அளவு காத்திருப்பார். தொண்ணூறு பங்கு ஆனால் ஒன்பது முறை. தொண்ணூற்றைந்து ஆனால் பத்தொன்பது முறை. வேலை சிறிது கூட, காத்திருப்புப் பன்மடங்காகின்றது. “இயந்திரம் நூற்றுக்கு அறுபது பங்குதான் வேலை செய்கிறது, மீதி வீண் அன்றோ?” என்று கணக்காளர் கேட்கும்போது, திட்டமிடுபவர் சொல்ல வேண்டிய விடை இக்கணிதத்தில் உண்டு. அந்த மீதி வீணன்று. காலை ஒன்பது மணிக்கு வரும் மாணவியின் நேரம் அதிலேதான் காக்கப்படுகின்றது.

மூன்றாவது, வெள்ளத்தைத் தாங்கும் அளவு. கனகராயன் ஆற்றை மறித்துக் கட்டிய இரணைமடு, வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம். 2018ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் பெய்த பெருமழையில் அதன் வான்கதவுகள் திறந்து விடப்பட்டதையும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் ஊர்களுக்குள் புகுந்ததையும் மக்கள் இன்னும் மறக்கவில்லை. வான்கதவின் அளவைத் தீர்மானிப்பது ஆண்டின் சராசரி மழையன்று. ஓர் இரவின் பெருமழையே.

பல்கலைக்கழகத்திற்கும் அத்தகைய இரவு உண்டு. பரீட்சைப் பெறுபேறு வெளியாகிறது எனக் கொள்ளலாம். ஐந்து மெகாபைற்று நிறையுள்ள அறிவித்தல் ஒன்றை ஐயாயிரம் பேருக்கும் இணைத்து அனுப்புகிறார் ஓர் அலுவலர். அவர் பொத்தானை அழுத்தியது ஒரே ஒரு முறை. பிறந்ததோ 25 கிகாபைற்று. நொடிக்கு 100 மெகாபிற்று வேகமுள்ள இணைப்பிலே, வேறெதுவும் செல்லாதிருந்தாலும், அதனை வெளியே கொண்டுசெல்ல முப்பத்துமூன்று நிமிடத்திற்கு மேலாகும். அதே வேளையில் ஐயாயிரம் பேரும் கைப்பேசியைத் திறந்து, மடல் வந்ததா, வந்ததா என்று மீண்டும் மீண்டும் தட்டிப் பார்ப்பர். வெள்ளம் கரை புரள்வதற்கு வேறென்ன வேண்டும்? அறிவித்தலைப் பல்கலைக்கழக இணையத்தளத்திலே ஓரிடத்தில் வைத்து, அதன் முகவரியை மட்டும் மடலில் எழுதியிருந்தால், 25 கிகாபைற்று சில மெகாபைற்றுகளுக்குள் அடங்கியிருக்கும். இயந்திரம் வாங்குவதைவிட இப்பழக்கத்தைக் கற்பிப்பது மலிவானது.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே கொள்ளைநோயின் காரணமாகப் பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டன. விரிவுரை, ஒப்படை, வினாத்தாள், ஐயந்தெளிதல் ஆகியவை விரைவில் இணைய வழிக்கு மாறின. நாலாண்டுக்கென்று கணக்கிட்ட பாரம் நாலு நாளில் வந்து இறங்கியது. கணக்கில் இடைவெளி விட்டிருந்தோர் ஒருவாறு தாங்கினர். அத்தகைய வெள்ளம் மீண்டும் வராது என்று எவராலும் உறுதி கூறவியலாது.

வெள்ளத்தோடு வரும் சேற்றைப் பற்றியும் ஒரு சொல். உலகில் உலவும் மின்னஞ்சலில் ஏறக்குறையப் பாதி வேண்டாத விளம்பரமும் வஞ்சக மடலும் ஆகும். இவற்றை வாசலிலேயே வடிகட்டாவிட்டால் பெட்டிகள் குப்பையால் நிரம்பும். வடிகட்டுவதற்கும் இயந்திர வலு வேண்டும். ஆகவே, நல்ல மடல்களை மட்டும் எண்ணிக் கணக்கிடுவோர், வரும் மடல்களிற் பாதியைக் கணக்கில் விட்டவராவர்.

இனி, அழிவைப் பற்றிய கணக்கு. 2023ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்திலே இலங்கை அரசாங்கத்தின் மின்னஞ்சற் சேவை பணயத் தீநிரலின் தாக்குதலுக்கு இலக்காகியது. ஏறத்தாழ ஐயாயிரம் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே மாதம் 17ஆம் நாள் தொடக்கம் ஓகஸ்ட் மாதம் 26ஆம் நாள் வரையான மடல்கள் மீட்க முடியாதவாறு அழிந்தன. அம்மூன்று மாத காலத்திற்குரிய மாற்றுப் பிரதி தனியே இல்லாமையே இதற்குக் காரணம். பயன்பாட்டிலிருந்த மென்பொருள் பழைய பதிப்பு என்பதும், அதனைப் புதுப்பிக்க எண்ணியும் நிதியின்மையால் தாமதமாயிற்று என்பதும் அப்போது வெளியாயின. இங்கே ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். இரண்டு தட்டுகளில் ஒரே நேரத்தில் எழுதும் இரட்டைப் பதிவு, தட்டு உடைந்தால் காக்கும். பகைவன் உள்ளே புகுந்து அழித்தால் இரண்டிலும் சேர்த்தே அழியும். விதைநெல்லை உண்ணும் நெல்லோடு ஒரே கோற்காலியில் வைத்தவன் நிலையே அது. தனியிடத்தில், வலையமைப்பிலிருந்து விலக்கி வைத்த பிரதியே உண்மையான விதைநெல். அதனையும் ஆண்டிற்கு ஒருமுறையேனும் எடுத்து முளைக்கிறதா என்று பார்க்க வேண்டும். மீட்டுப் பார்க்காத பிரதி இருந்தும் இல்லாததே.

மின்சாரத்தையும் மறக்கலாகாது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் இலங்கை முழுவதும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டு அறிவிக்கப்பட்டது. மின்பிறப்பாக்கி இருந்தவர்களுக்கும் டீசல் கிடைக்கவில்லை. மின்கலங்கள் சில நிமிடங்களுக்கோ சில மணி நேரத்திற்கோ தாங்கும். வன்னியின் வெயிலிலே சேவையக அறையைக் குளிரூட்டும் இயந்திரம் நின்றால், மின்கலம் தீரும் முன்பே வெப்பம் இயந்திரத்தை நிறுத்திவிடக்கூடும். கொள்ளளவுக் கணக்கில் டெராபைற்றை எழுதும் பேனையே டீசலின் லீற்றரையும் எழுத வேண்டும்.

“இத்தனை தொல்லை எதற்கு? உலகப் பெருங் கம்பனிகளிடம் இடம் வாங்கிக்கொண்டால் ஆகாதா?” என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வியே. பல பல்கலைக்கழகங்கள் அவ்வழியை மேற்கொண்டன. கூகிள் கம்பனி கல்வி நிறுவனங்களுக்கு நெடுங்காலம் எல்லையற்ற இடத்தை இலவசமாக வழங்கியது. 2021ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்திலே, இனி ஒரு நிறுவனம் முழுமைக்கும் 100 டெராபைற்று மட்டுமே இலவசம் என்று அறிவித்தது. 2022ஆம் ஆண்டிலே அது நடைமுறைக்கு வந்தது. மைக்ரோசொப்ற்று கம்பனியும் 2024ஆம் ஆண்டிலே அத்தகைய எல்லையை வகுத்தது. ஐயாயிரம் பேருக்கு 100 டெராபைற்று என்றால் ஆளுக்கு 20 கிகாபைற்று. ஐம்பதினாயிரம் பேருக்கு என்றால் 2 கிகாபைற்றுத்தான். படமும் ஒளிப்பதிவும் சேமித்து வைப்பதும் அதற்குள்ளேயே. அயலவர் குளத்தில் நீர் பாய்ச்சுவோரும் தம் வயலுக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று அறிந்திருக்க வேண்டும். இல்லையேல், துருசு ஒரு நாள் பாதி அடைபட்டபோது செய்வதறியாது நிற்பர்.

ஆதலால், சொந்தச் சேவையகமா, வாடகைச் சேவையகமா என்னும் கேள்வி இரண்டாவது. முதலாவது கேள்வி, கணக்கை அறிந்த ஆட்கள் நிறுவனத்தில் உள்ளனரா என்பதே. நல்ல சேவையகத்தை வாங்கிவிட்டு, அதனைப் பேணுகிறவர் ஓய்வுபெற்ற பின் வேறொருவரைப் பயிற்றாது விடுவது, குளத்தைக் கட்டிவிட்டுத் துருசுத் திறப்பைத் தொலைப்பதற்கு ஒப்பாகும். அறிவியல் நகரிலும் பம்பைமடுவிலும் கணினி கற்கும் மாணவர்கள் இருக்கின்றனர். தம் பல்கலைக்கழகத்தின் மடல் வரவைக் கிழமைதோறும் அளந்து வரைபடம் வரையும் பணியை அவர்களிடம் ஒப்படைத்தால், பாடமும் ஆயிற்று, காவலும் ஆயிற்று. மழைமானி இல்லாத ஊரிலே குளம் கட்டுவது எவ்வளவு கடினமோ, அளவைக் குறிப்பு இல்லாத இடத்தில் கொள்ளளவு வகுப்பதும் அவ்வளவு கடினம்.

இறுதியாக, இத்தனை கணக்கும் யாருக்காக என்பதை நினைவிற்கொள்ளுதல் நன்று. ஒட்டுசுட்டானிலிருந்து பம்பைமடுவுக்குப் படிக்க வரும் மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். அவளது குடும்பத்திலே பல்கலைக்கழகம் புகுந்த முதற் பிள்ளை அவள். வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்று அவளுக்குப் புலமைப்பரிசில் அழைப்பு அனுப்புகின்றது. அன்று சேவையகத்தின் வன்தட்டு நிரம்பிக் கிடக்கின்றது. இப்போது நடப்பது முழுவதும் சேவையகம் தரும் மறுமொழியின் முதல் எண்ணைப் பொறுத்தது. நான்கில் தொடங்கும் எண்ணைச் சொன்னால், ‘இப்போது இடமில்லை, பிறகு வருக’ என்பது பொருள். அனுப்பிய சேவையகம் மடலைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மீண்டும் மீண்டும் முயலும். நான்கைந்து நாட்களேனும் முயல வேண்டும் என்பது உலகப் பொது விதி. ஐந்தில் தொடங்கும் எண்ணைச் சொன்னால், ‘இனி வரவேண்டா’ என்பது பொருள்; மடல் திரும்பிப் போய்விடும். ஒரே நிரம்பல், ஓர் எண்ணின் வேறுபாடு, ஒரு பிள்ளையின் வாழ்வு. கொள்ளளவு தவறிய நாளிலும் மடல் தவறாதிருக்கும்படி இதனை முன்கூட்டியே அமைத்து வைப்பது, திட்டமிடுபவரின் தலையாய கடமை.

அவள் பட்டம் பெற்ற மறுநாளே அவளது முகவரியை மூடிவிடுவதும் உண்டு. இடம் மிச்சமாகும் என்பது உண்மை. ஆயினும், தொழிலுக்கும் மேற்படிப்புக்கும் அவள் விண்ணப்பித்த இடங்களிலெல்லாம் எழுதிக் கொடுத்தது அம்முகவரியையே. விடைகள் வருவதற்கு ஓராண்டு, ஈராண்டு ஆகலாம். பெட்டியின் அளவைக் குறைத்தேனும், வரும் மடலை வேறு முகவரிக்குத் திருப்பியேனும், அக்காலம் வரை வாசலைத் திறந்து வைத்தல் அறம். ஆண்டுதோறும் வெளியேறும் மாணவரையும் கொள்ளளவுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது இதனாலேயே.

வன்னியின் முன்னோர் குளம் தொட்டு வளம் பெருக்கினர். குளக்கட்டிலே நின்று மாரி முகிலைப் பார்த்து, இவ்வாண்டு இவ்வளவு வரும், இவ்வளவு விட வேண்டும் என்று அளந்தவர் ஊரின் காவலரானார். இன்று பல்கலைக்கழகத்தின் ஓர் அறையிலே, மின்விசிறி ஓசையினிடையே, இரவில் தட்டின் நிரப்பளவைப் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கும் ஊழியரும் அத்தகைய காவலரே. அவர் பெயரை எவரும் அறியார். மடல்கள் தவறாது வந்து சேரும் நாள் வரை, அவர் இருப்பதையே எவரும் எண்ணார். அவர் கேட்கும் ஒரு தட்டையோ, ஒரு மின்கலத்தையோ, ஓர் உதவியாளரையோ நிதிக் குழு மறுக்க முற்படும்போது, ஒட்டுசுட்டான் மாணவிக்கு வரவிருக்கும் அந்த மடலை ஒரு கணம் நினைத்துப் பார்த்தல் வேண்டும். மாரி வரும் முன்பே கட்டை உயர்த்துதல் வன்னி அறிந்த வழக்கம். அது மடலுக்கும் பொருந்தும்.